மாரியில அரிபடுற காட்டு நடைபாதை: எங்க தொடங்குறது?

தம்பி, முல்லைத்தீவுப் பக்கம் உங்கட ஊர்ப் பாதை ஒவ்வொரு மாரிக்கும் அரிபடுது, பெடியளோட சேர்ந்து திருத்தலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள். கட்டாயம் இறங்குங்கோ, நல்ல வேலை. ஆனால் மண்வெட்டி தூக்க முதல் கிராம சேவகரிட்டப் போங்கோ. அந்தத் துண்டில மிதிவெடி அகற்றி முடிஞ்சுதோ, வனவளத் திணைக்களத்தின்ர எல்லைக்குள்ள வருதோ எண்டு கேளுங்கோ. 2009க்குப் பிறகு எவ்வளவோ இடம் துப்புரவாக்கியாச்சு, எண்டாலும் கேக்காமல் தோண்ட வேண்டாம். சந்தேகமான இரும்பு கண்டால் தொடாமல் வந்த அடியிலேயே திரும்புங்கோ.

பள்ளத்தைக் கல்லுப் போட்டு நிரப்பிப் பிரயோசனமில்லை. தண்ணி பாதையால ஓடுறவரைக்கும் அரிக்கும். பாதைக்குக் குறுக்கே, கொஞ்சம் சாய்வாய் ஒரு கட்டையைத் தாட்டு, அதின்ர மேல்பக்கம் சின்ன வாய்க்கால் வெட்டித் தண்ணியைக் கரைக்கு வெளியில விடுங்கோ. ஐப்பசிக்கு முதல் முடியுங்கோ. பத்தையளை வெட்டுங்கோ, நெருப்பு மட்டும் வைக்காதேங்கோ. ஆனை நடமாட்டம் இருந்தால் விடியவும் பொழுதுபடவும் அங்க நிக்க வேண்டாம்.