மூன்று முறையும் காகம்தான் வந்தது

கேள்வி: வார இறுதித் தியான வகுப்பில் ‘உங்கள் ஆன்ம விலங்கை, அதாவது உங்களுக்கு வழிகாட்டும் விலங்கைக் கண்டுபிடியுங்கள்’ என்றார்கள். கூட வந்தவர்களுக்குப் புலி, கழுகு, ஓநாய் என்று வந்ததாம். எனக்கு மூன்று நாளும் காகம்தான். அது சனி பகவானின் வாகனம் ஆயிற்றே, கெடுதலா? என் நட்சத்திரம் ரேவதி. அதற்கு யானை என்கிறார்களே, அதை எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்:

அன்புச் சகோதரி, கெடுதல் இல்லை. சனி பகவானின் வாகனம் என்று அஞ்சுகிற அதே காகத்துக்குத்தானே அமாவாசையன்று முதல் கவளம் வைக்கிறோம்? காகம் கரைந்தால் விருந்து வரும் என்று பாடியதால் நச்செள்ளையார் என்ற சங்கப் புலவருக்குக் ‘காக்கைபாடினியார்’ என்றே பெயர் நிலைத்தது.

ரேவதிக்கு யானை என்பது திருமணத்துக்கு யோனிப் பொருத்தம் பார்க்கும் கணக்கு. இதோடு சேர்க்காதீர்கள். வட அமெரிக்காவின் ஒஜிப்வே மக்களிடமிருந்து வந்த ‘டோட்டம்’ என்ற சொல்லும் வேறுதான். அது தந்தை வழியில் வரும் குல அடையாளம், யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. இன்றைய வகுப்புகளில் பலவும் மைக்கேல் ஹார்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் வகுத்த முறையை ஒட்டியவை. ஒரே விலங்கு நான்கு தடவையாவது, வெவ்வேறு கோணத்தில் தன்னைக் காட்ட வேண்டும் என்பது அவர் சொன்ன அடையாளம். ஒரே ஒரு முறை, அதுவும் நேராக முறைத்துப் பார்த்தபடி வரும் புலி பெரும்பாலும் போஸ்டரிலோ திரையிலோ பார்த்த புலி. உங்கள் காகம் பக்கவாட்டில் நின்றதா, பறந்ததா, முதுகைக் காட்டியதா? நினைவிருந்தால் எழுதி வையுங்கள்.

வீட்டில் செய்வதானால் காலையில், வெறும் வயிற்றில் உட்காருங்கள். சாப்பிட்டபின் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். இப்படிப் பத்துச் சுற்று. பிறகு நீங்கள் உண்மையாகவே நின்ற ஓர் இடத்தை, ஊர்க் குளத்துப் படியையோ தோட்டத்துக் கிணற்றடியையோ, மனதில் கொண்டுவாருங்கள். பார்க்காத காட்டைக் கற்பனை செய்தால் அங்கே வருவதும் கற்பனையாகவே இருக்கும். ஹார்னர் முறையில் வரும் மேளச் சத்தத்தையும் வைப்பதானால் விநாடிக்கு நாலைந்து தட்டு, பதினைந்து நிமிடம் போதும். ‘வா, வா’ என்று கூப்பிடாதீர்கள். பலருக்கும் இங்கேதான் கெட்டுப்போகிறது: தேட ஆரம்பித்ததும் மனசு தனக்குப் பிடித்ததைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். எதுவும் வராத நாளில் அப்படியே எழுந்துவிடுங்கள். பயம், படபடப்பு, கண் திறந்தபின்னும் குரல் கேட்பது போன்றவை வந்தால் உடனே நிறுத்துங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமனஸில், 14416 என்ற எண்ணில், தமிழிலேயே பேசலாம்.

பாதி வேலை வெளியேதான் இருக்கிறது. வாரம் மூன்று நாள், ஒரே மரத்தடி, ஒரே நேரம். அல்சூர் ஏரிக்கரையோ லால்பாக்கோ, எது பக்கமோ அது. போன் பைக்குள் இருக்கட்டும். நாம் போய் உட்கார்ந்ததும் பறவைகள் விலகும்; பத்து, பதினைந்து நிமிடம் அசையாமல் இருந்தால்தான் தங்கள் பாட்டுக்குத் திரும்பும். ஆகவே முப்பது நிமிடத்துக்குக் குறைந்தால் பலனில்லை. தீனி மட்டும் கொண்டுபோகாதீர்கள். தீனிக்கு வந்த காகத்தை உங்களைத் தேடி வந்ததாக எண்ணிவிடுவீர்கள். நகரின் தெற்கே உள்ள துறஹள்ளிக் காட்டுக்குத் தனியாகப் போக வேண்டாம், அந்தப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு.

தியானத்தில் வந்தது எந்தக் காகம் என்று அங்கே தெரிந்துவிடும். கழுத்து சாம்பல் நிறமென்றால் வீட்டுக்காகம். உடல் முழுக்கக் கருத்து, அலகு தடித்திருந்தால் அண்டங்காக்கை. இரண்டும் நம் ஊர்க் காகங்களே, ஆனால் குணம் வேறு. வீட்டுக்காகம் கும்பலாக மனிதரை ஒட்டியே வாழும். அண்டங்காக்கை மரம் அடர்ந்த இடத்தில்தான் அதிகம் தென்படும். எது உங்களைப் போல, எது நீங்கள் ஆக விரும்புவது என்ற கேள்வியை ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை வைத்துக்கொண்டு பாருங்கள். இடையில் வேறு விலங்கு வந்தால் அதையும் தேதி போட்டுக் குறியுங்கள். அதற்காகக் காகத்தைக் குறிப்பிலிருந்து நீக்கிவிட வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் மரத்தடியிலிருந்து பத்தடி தள்ளியே உட்காருங்கள், தலையில் கொத்த வரும். அந்தக் கூட்டில் குயில் முட்டையும் இருக்கலாம்.