கேட் வரை போய்த் திரும்பிய நாட்கள்

பத்தொன்பது வருடமாக ஒரு பெண்கள் சிறையில் வாரம் ஒருமுறை நடக்கும் ஜெபக்கூட்டத்துக்குத் தன்னார்வலராகப் போய்வருகிறேன். சிறை ஊழியம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களில் சிலருடைய உறவினர்கள் உள்ளே இருப்பதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

ஆறு மாதம் காத்திருந்து அனுமதி வாங்கினோம். ஒன்பது வாரத்தில் நான்கு வாரம் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். "கர்த்தர் கதவை அடைக்கிறார்" என்கிறார் எங்கள் குழுவில் ஒருவர். நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். கதவை அடைத்தது யார் என்று முதலில் விசாரியுங்கள். பெரும்பாலும் காரணம் மிகச் சாதாரணமாக இருக்கும். ஆட்களை எண்ணும்போது கணக்கு ஒத்துவந்திருக்காது. காவலர் போதாமல் இருந்திருக்கும். உள்ளே யாருக்காவது தொற்றுநோய் வந்திருக்கும், அல்லது பட்டியலில் உங்கள் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். கணக்கு சரியாகும்வரை உள்ளே ஒருவரும் அசைய முடியாது. உங்களுக்கு ஒதுக்கிய ஒரு மணி நேரம் அதிலேயே கரைந்துபோகும்.

என் மூன்றாவது வருடத்தில் எங்கள் பெயர்ப் பட்டியல் வாசலுக்கு வந்து சேராமல் ஐந்து வாரம் தொடர்ந்து திரும்பினோம். ஆறாவது வாரம் உள்ளே போனதும் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சு வாரமும் வந்தீங்கக்கா, ஜன்னல்ல இருந்து பார்த்தோம்" என்றாள். அவர்கள் பிளாக்கின் ஜன்னலிலிருந்து வாசல் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அன்று நான் தயாரித்துப் போன செய்தியைக் கொடுக்கவே இல்லை. பாட்டுப் பாடினோம், அவ்வளவுதான்.

எலிசபெத் ஃபிரை என்ற, குவேக்கர் எனும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண்மணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். லண்டன் நியூகேட் சிறையில் பெண்களும் குழந்தைகளும் அடைபட்டுக் கிடந்ததை அவர் முதன்முதலில் பார்த்தது 1813-இல். அவர் அங்கே தொடர்ந்து வேலை செய்ய ஆரம்பித்ததோ 1816-இன் கடைசியில். நடுவில் வீட்டில் பணக்கஷ்டம், பிரசவம், 1815-இல் சிறு வயது மகள் ஒருத்தியின் மரணம். ஏறக்குறைய நான்கு வருட இடைவெளி. அந்த வருடங்களில் அவரைப் பார்த்த யாரும் இந்த ஊழியம் முடிந்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். 1817-இல் அங்கே ஒரு பள்ளி, தையல் வேலை, அவற்றை நடத்த ஒரு சங்கம் எல்லாம் வந்தன. எனக்கு மிகவும் பிடித்தது இது: விதிமுறைகளை அவர் தானாகத் திணிக்கவில்லை. ஒவ்வொன்றாக வாசித்து, அந்தப் பெண்களையே கை தூக்கச் சொல்லி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் வைத்துக்கொண்டார்.

அவர்கள் செய்த குற்றம் என்ன என்று கேட்பீர்களா?

கேட்பதில்லை. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால் அதையும் வேண்டாம் என்பேன். என்னிடம் சொன்னது நாளைக்கு அவளுக்கு எதிராகவே திரும்பக்கூடும். வக்கீலிடம் சொல்லட்டும்.

நான் மூன்று வருடம் வேதபாடம் நடத்திய ஒருவர் விடுதலையாகி, சில வாரங்களிலேயே மறுபடி உள்ளே வந்துவிட்டார். எல்லாம் வீண் என்று தோன்றுகிறது. இரவில் தூக்கமில்லை.

சகோதரரே, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். எனக்கும் இது நடந்திருக்கிறது.

எங்கள் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்ற பெண் அவள். உள்ளே இருந்தபோதே ஞானஸ்நானம் எடுத்தவள். விடுதலையான ஏழாவது வாரம் திரும்பி வந்தாள். அன்று கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தலையைத் தூக்கவே இல்லை. நானும் அவளிடம் போகவில்லை. கோபம். இரண்டு வாரம் அவளோடு பேசாமல் வந்தேன். இந்தப் பத்தொன்பது வருடத்தில் நான் அதிகம் வருந்துவது அந்த இரண்டு வாரத்துக்காகத்தான்.

மூன்றாவது வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். விடுதலையான நாளில் வாசலில் அவளைக் கூப்பிட்டுப்போக யாரும் வரவில்லை. அடையாள அட்டை இல்லை. தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரை மூன்று நாளில் தீர்ந்துவிட்டது. படுக்க இடம் கொடுத்தது பழைய கூட்டாளி ஒருத்தி. அவளுடைய விடுதலைக்காக நாங்கள் எத்தனை மாதம் ஜெபித்தோம்! அன்று ராத்திரி அவள் எங்கே படுப்பாள் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பிலேமோனை விட்டு ஓடிவந்த அடிமை ஒநேசிமுவைப் பவுல் திருப்பி அனுப்பிய விதத்தைப் பாருங்கள். காவலில் இருந்துகொண்டே அவனுக்காகப் பிலேமோனுக்குக் கடிதம் எழுதுகிறார். என்னை ஏற்றுக்கொள்வதுபோல் அவனை ஏற்றுக்கொள்ளும், அவன் கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார். அவன் போய்ச் சேரும் வீட்டையும் அவனுடைய பழைய கடனையும் யோசித்துவிட்டுத்தான் அனுப்புகிறார்.

அதன் பிறகு எங்கள் குழு ஒரு வேலையைச் சேர்த்துக்கொண்டது. விடுதலைத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே, சிறையின் நலப் பிரிவு வழியாக நான்கு விஷயங்களைக் கேட்கிறோம்: வாசலுக்கு யார் வருவார்கள், முதல் ராத்திரி எங்கே, அடையாளச் சான்று இருக்கிறதா, கையில் எத்தனை நாள் மருந்து இருக்கும். வெளியே வந்தவரைத் தன்னார்வலர் சந்திக்கச் சில சிறைகளில் தனி அனுமதி வேண்டும். அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் இப்போது வெளியே இருக்கிறாள், இரண்டு வருடம் ஆகிறது. சில மாதம் பேசுவாள், சில மாதம் பேச்சே இருக்காது. உங்கள் மனிதர் இந்த வாரம் கூட்டத்துக்கு வந்தால் நீங்களே முதலில் போய்ப் பேசுங்கள். பாடம் அப்புறம் இருக்கட்டும்.

வேறு மதத்தவரும் உங்கள் கூட்டத்துக்கு வருகிறார்களா? அவர்களை மதம் மாற்றுவதுதான் நோக்கமா?

வருகிறார்கள். சிலர் பாட்டுக்காக வருவார்கள், சிலர் அறையைவிட்டு ஒரு மணி நேரம் வெளியே இருக்கலாமே என்று வருவார்கள். இரண்டுமே எனக்குச் சந்தோஷம். நான் நம்புகிற இயேசுவைப் பற்றித்தான் பேசுவேன், அதை மறைப்பதில்லை. ஆனால் பூட்டிய இடத்தில் இருப்பவருக்கு எழுந்து போக வழி குறைவு. அதனால் நமக்குப் பொறுப்பு கூடுகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் இரண்டையும் சேர்த்தே சொல்கின்றன: எந்தக் கைதிக்கும் தன் மதப் பிரதிநிதியைச் சந்திக்கும் வாய்ப்பை மறுக்கக் கூடாது. ஒருவர் அப்படிப்பட்ட சந்திப்பு வேண்டாம் என்றால் அதை முழுமையாக மதிக்க வேண்டும். சலுகை கிடைக்கும் என்று ஆசை காட்டியோ நன்னடத்தைக்கு நல்லது என்று சொல்லியோ யாரையும் கூட்டத்துக்கு இழுக்கிற ஊழியரைப் பார்த்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

என் குழந்தையிடம் இந்தக் கடிதத்தை மட்டும் சேர்த்துவிடுங்கள் என்று ஒரு தாய் அழுதார். கொண்டுபோனால் என்ன?

வேண்டாம். மனம் எவ்வளவு இளகினாலும் வேண்டாம். எங்கள் குழுவில் நல்ல மனதுள்ள ஒருவர் அப்படி ஒரே ஒரு தாளை எடுத்துப்போனார். வெளியே போகும்போது சோதனையில் பிடிபட்டது. எட்டு மாதம் எங்கள் எல்லோருக்கும் அனுமதி ரத்து. அந்த எட்டு மாதம் நஷ்டப்பட்டது உள்ளே இருந்த நாற்பது பேர். கடிதத்துக்கு முறையான வழி இருக்கிறது, அதில் அனுப்ப அந்தத் தாய்க்கு உதவுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு வேறு விதமாகவும் செய்யலாம். அமெரிக்காவில் மேரி கே பியர்ட் என்பவர் தானே சிறையில் இருந்தவர். தங்களுக்குக் கிடைத்த சோப்பு, பற்பசையைக்கூடச் சேர்த்துவைத்துத் தாய்மார்கள் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளிடம் கொடுத்ததை அங்கே பார்த்திருக்கிறார். வெளியே வந்து 1982-இல் ஏஞ்சல் ட்ரீ என்ற திட்டத்தைத் தொடங்கினார். சபையார் பரிசு வாங்குகிறார்கள், அது பிள்ளைக்குப் போவது உள்ளே இருக்கும் பெற்றோரின் பெயரில். வாங்கிக் கொடுத்தவர் பின்னால் நின்றுகொள்கிறார். உங்கள் சபையில் இதை நிச்சயம் பேசிப்பாருங்கள்.

பாதிக்கப்பட்டவர்களை விட்டுவிட்டுக் குற்றவாளிகளைத் தேடிப்போவது நியாயமா? என் வீட்டிலேயே கேட்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி. என் தங்கையின் கணவர், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவரால் இறந்தார். அப்போது நான் இந்த ஊழியத்தில் ஆறு வருடம் முடித்திருந்தேன். நான்கு மாதம் போகவில்லை, போக முடியவில்லை. திரும்பப் போன பிறகும் தங்கை வீட்டில் சிறையைப் பற்றி நானாக வாய் திறப்பதில்லை. அவளுக்கு நான் முதலில் அக்கா.

பிரிசன் ஃபெல்லோஷிப் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவச் சிறை ஊழிய அமைப்பு பல நாடுகளில் நடத்தும் ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. இயேசுவைப் பார்க்கச் சகேயு என்ற வரி வசூலிப்பவன் ஏறிய காட்டத்தி மரத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களும், அவர்களோடு சம்பந்தமில்லாத வேறு வழக்குகளில் தண்டனை பெற்றவர்களும் சில வாரம் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். சகேயு மன்னிப்பு கிடைத்ததோடு நின்றுவிடவில்லை, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். உள்ளே இருப்பவர்களிடம் மன்னிப்பைப் பற்றி மட்டும் பேசி, அவர்களால் காயப்பட்டவர்களைப் பற்றிப் பேசாமல் இருந்தால் வீட்டில் உங்களைக் கேட்பது சரிதான்.

எங்கள் வீட்டில் முதல் பேரக்குழந்தை பிறந்திருக்கிறது. பிள்ளைகளைப் பிரிந்திருக்கும் பெண்களிடம் இதைச் சொல்வது அவர்களை நோகடிக்காதா?

முதலில் வாழ்த்துகள்! குழந்தையும் தாயும் நன்றாக இருக்கட்டும்.

நானும் இப்படித்தான் தயங்கினேன். எங்கள் மகளுக்குப் பத்து வருடம் கழித்து ஒரு மகன் பிறந்தான். அந்தப் பத்து வருடமும் உள்ளே இருந்த பெண்கள் அவளுக்காகப் பெயர் சொல்லி ஜெபித்தவர்கள். அப்படியும் அந்த வாரம் சொல்லாமல் மறைத்தேன். ஆனால் என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. "என்னம்மா, சொல்லுங்க" என்று ஒருத்தி விடாமல் கேட்டாள். சொன்னதும் அறை முழுக்கக் கைதட்டல். ஒருத்தி மட்டும் அழுதாள். அவள் குழந்தை அவளிடம் இல்லை. ஜெபம் முடியும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். போகும்போது, "இனிமே மறைக்காதீங்கம்மா, நாங்க கேட்டுத்தானே பிறந்தான்" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு வாழ்த்து அட்டை செய்து வைத்திருந்தார்கள். நோட்டுத் தாளை மடித்து, நீல மையில் ஒரு தொட்டில் வரைந்து, உள்ளே முப்பத்தொரு கையெழுத்து. எழுதத் தெரியாத இரண்டு பேர் பெருவிரலை வைத்திருந்தார்கள். அதை வெளியே எடுத்துப்போக எனக்கு அனுமதி இல்லை. வாங்கி வாசித்து, அவர்களிடமே திருப்பிக் கொடுத்தேன். ஜெபக்கூட்டம் நடக்கும் அறைச் சுவரில் ஒட்டினார்கள். பையனுக்கு இப்போது நான்கு வயது. அவன் இன்னும் பார்க்காத அந்த அட்டையை நான் வாராவாரம் பார்த்துவிட்டு வந்து, அதில் என்ன வரைந்திருக்கிறது என்று அவனுக்குச் சொல்கிறேன்.