மூத்த பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு: கைக்குழந்தைக்கு ஏன் கூடுதல் கவனம்?

கேள்வி: மூத்த மகளுக்கு நேற்றிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு, வைரஸ் தொற்று என்கிறார் மருத்துவர். வீட்டில் மூன்று வாரக் குழந்தை இருக்கிறது. இரண்டு நாளில் தானே சரியாகிவிடும் நோய் அதற்கு மட்டும் ஏன் ஆபத்து? எனக்கும் தொற்றினால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

பதில்: ஆபத்து பெரும்பாலும் நீரிழப்பால் வருகிறது. மூன்று கிலோ எடையுள்ள குழந்தை 150 மில்லி நீரை இழந்தால், அது உடல் எடையில் 5 சதவீதம்; அறுபது கிலோ எடையுள்ள பெரியவர் மூன்று லிட்டரை இழப்பதற்குச் சமம். சில முறை நீராகப் போனாலே அந்த அளவு வெளியேறிவிடும். பெரியவரின் சிறுநீரகம் இத்தகைய நேரத்தில் சிறுநீரை அடர்த்தியாக்கி நீரைச் சேமிக்கும்; பச்சிளங்குழந்தையின் சிறுநீரகம் அந்தத் திறனை இன்னும் முழுமையாகப் பெற்றிருப்பதில்லை. தாகம் என்று சொல்லவும் அதற்குத் தெரியாது.

எதிர்ப்பாற்றலும் அரைகுறையே. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடி வழியே தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் இருந்தாலும், குடலின் உட்சுவரைக் காக்கும் ஐ.ஜி.ஏ என்ற எதிர்ப்பொருள் அவ்வழியே வருவதில்லை. அது சீம்பாலிலும் தாய்ப்பாலிலும்தான் கிடைக்கிறது. ஆகவே உங்களுக்குத் தொற்றினாலும் பாலை நிறுத்தாதீர்கள். இந்த வைரஸ்கள் பரவுவது பால் வழியாக அல்ல, கை வழியாக.

இத்தகைய வாந்தி, வயிற்றுப்போக்குக்கு அடிக்கடி காரணமாகும் நோரோ வைரஸைச் சானிடைசர் சரிவரக் கொல்வதில்லை என்பதால் சோப்பும் ஓடும் நீருமே நம்பகமானவை. மகள் தேறிய பிறகும் மலத்தில் வைரஸ் சில வாரங்கள் வெளியேறக்கூடும். அதுவரை கழிவறைக்குப் பின் அவள் கையைக் கழுவுவதை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை மஞ்சளாக, இளக்கமாக, ஒரு நாளில் பலமுறை மலம் கழிப்பது இயல்பு. அதைக் கண்டு பதற வேண்டாம். வழக்கத்தைவிட நீர்த்துப் போனாலோ எண்ணிக்கை திடீரென்று கூடினாலோதான் கவலைப்பட வேண்டும். அழும்போது கண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது இந்த வயதில் பயன்தராது, முதல் சில வாரங்களில் கண்ணீர் சுரப்பதே குறைவு. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை, உச்சிக்குழி உள்வாங்குதல், வாய் உலர்தல், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடத்தல், 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறும் தண்ணீரோ, பேதியை நிறுத்தும் மருந்தோ கொடுக்கவே கூடாது. உப்பு சர்க்கரைக் கரைசலையும் மருத்துவர் சொன்னால் மட்டுமே கொடுக்க வேண்டும். வாந்தி பச்சை நிறத்தில் இருந்தால் அது குடல் அடைப்பாக இருக்கலாம் என்பதால், நள்ளிரவானாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.