கொல்லிமலைக் கோயில்கள்: மூட்டு வலியுள்ள அம்மாவுடன் மூன்று நாள்

மூட்டு வலியுள்ள அம்மாவுடன் கொல்லிமலைக் கோயில்கள் எல்லாவற்றையும் முதல் நாளிலேயே பார்த்துவிட நினைக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வயதானவர்களுக்குத் தலைசுற்றல் அடங்கவே நேரம் பிடிக்கும். அன்று மலைமேல் உள்ள செம்மேடு என்ற ஊரில் ஓய்வெடுங்கள்.

மறுநாள் காலை அறப்பளீஸ்வரர் கோயில். கோயிலருகே ஆகாயகங்கை அருவிக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேல். இறங்கும்போது எளிதாகத்தான் இருக்கும். ஈரப் படிகளில் திரும்பி ஏறுகையில் முழங்கால் நடுங்கும். என் அத்தை பாதி வழியில் கம்பியைப் பற்றியபடி உட்கார்ந்துவிட்டார். அம்மா கோயிலிலேயே அமர்ந்திருக்கட்டும். துணைக்கு ஒருவர் இருங்கள்.

மூன்றாம் நாள் எட்டுக்கை அம்மன் கோயில். மாசி பெரியசாமி கோயிலுக்கு மலையேற வேண்டும், அம்மாவால் முடியாது. ஆடிப்பெருக்கில் கூட்டம் நெரியும். அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.