பூரி, போண்டா போட்ட பழைய எண்ணெயை டீசல் வண்டியில் ஊற்றி ஓட்டலாமா?

வண்ணாரப்பேட்டையில் டிபன் கடை வைத்திருக்கிறேன், மிஞ்சுகிற பாமாயிலை வடிகட்டி என் பழைய டீசல் குட்டி யானையில் ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊற்றாதீர்கள். ஊற்றினால் வண்டி ஓடும். முதல் சில வாரம் நன்றாகவே ஓடும். அதை நம்பித்தான் நிறைய பேர் இன்ஜினைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நான் தண்டையார்பேட்டையில் டீசல் இன்ஜினின் பம்ப், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில் இவற்றைப் பழுது பார்க்கிறவன். காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றும் வண்டிகள்தான் எங்கள் பட்டறைக்கு அதிகம் வரும்.

சமையல் எண்ணெயில் டீசல் இன்ஜின் ஓடும் என்பது பழைய சங்கதி. 1900 பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு சிறிய டீசல் இன்ஜினை வேர்க்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை என்று ருடால்ஃப் டீசல் பின்னால் எழுதியிருக்கிறார். ஆனால் கண்காட்சியில் ஓடுவது வேறு. எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று ஊர்வது வேறு. இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது சிலிண்டருக்குள் சூடு குறைவு. எண்ணெய் சரியாக எரியாமல் போவது அப்போதுதான்.

காரணம் அதன் கெட்டித்தன்மை. 40 டிகிரி சூட்டில் டீசலின் பாகுத்தன்மை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு). பாமாயிலுக்கு அது ஏறக்குறைய 40. நாசில் டீசலைப் புகையாகத் தூவும். இந்த எண்ணெயைத் துளித்துளியாகத்தான் தள்ளும். எரியாத துளி நாசில் முனையில் கரியாகப் படியும், பிஸ்டன் ரிங் பள்ளத்தில் ஒட்டும், மிச்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். அப்படி ஓடிய ஒரு வண்டி எங்களிடம் வந்தது. காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, வெள்ளைப் புகை என்றுதான் கொண்டுவந்தார்கள். இன்ஜின் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றினால் ஆயில் வெல்லப்பாகு மாதிரி இழுபடுகிறது. ரிங் எல்லாம் இறுகிப்போயிருந்தது. டீசலில் மிச்சம் பிடித்த காசு ஒரே தடவையில் இன்ஜின் வேலைக்குப் போனது.

பொரித்த எண்ணெயில் இன்னும் தொல்லை உண்டு. மாவிலிருந்து இறங்கிய தண்ணீர், உப்பு, திரும்பத் திரும்பக் காய்வதால் உண்டாகும் அமிலம். துணியில் வடிகட்டினால் தூள்தான் போகும், இவை போகாது. பம்ப்புக்குள் டீசலை அழுத்தித் தள்ளும் எலிமென்ட்டை அரிப்பது இவைதான். மார்கழிக் காலையில் டின் அடியில் பாமாயில் வெள்ளையாக உறைவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதே உறைவு ஃபில்டரிலும் உட்காரும். எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இதைப் பேசவே வேண்டாம். ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்யும் இன்ஜெக்டர் அது.

இரண்டு டேங்க் வைத்து, டீசலில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் சூட்டில் எண்ணெயை 70, 80 டிகிரிக்குக் காய்ச்சி, பிறகு அதற்கு மாற்றி ஓட்டும் முறை வெளிநாடுகளில் உண்டு. நெடுந்தூரம் போகும் பழைய வண்டிக்கு அது பொருந்தலாம். நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்கு மாற்றிக் குழாயைச் சுத்தம் செய்தாக வேண்டும். கடைக்கும் மார்க்கெட்டுக்கும் அலையும் வண்டியில் எண்ணெய் சூடாவதற்குள் போக வேண்டிய இடம் வந்துவிடும்.

அந்த எண்ணெயை முறையாக எரிபொருளாக்கினால் அது பயோடீசல். 100 லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 20 லிட்டர் மெத்தனால், கொஞ்சம் காஸ்டிக் சோடா, 60 டிகிரி சூடு. கிளிசரின் பிரிந்து அடியில் இறங்கும், மேலே நிற்பது டீசலுக்குப் பக்கத்து இளக்கத்தில் இருக்கும். வீட்டிலேயே செய்து காட்டும் வீடியோக்களைப் பார்த்து இறங்காதீர்கள். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களில் ஒரு வீடு பற்றினால் வரிசையே போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் சாகக் காரணம் இதே மெத்தனால்தான். லைசென்ஸ் இல்லாமல் இதை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம்.

எனக்கு இன்ஜினைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. கடையில் கறுத்த எண்ணெய் எங்கே போகிறது? சாக்கடையில் ஊற்றினால் அடைப்பு, விற்றால் பெரும்பாலும் இன்னொரு தள்ளுவண்டிச் சட்டி. எண்ணெய் காய்ந்து காய்ந்து சிதைவதால் உண்டாகும் 'மொத்த போலார் பொருட்கள்' 25 சதவீதம் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதித்திருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் பழைய எண்ணெயைத் திரட்டிப் பயோடீசலுக்கு அனுப்பும் 'ரூகோ' திட்டத்தையும் தொடங்கியது. 2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்பது மத்திய அரசின் இலக்கு. உங்கள் எண்ணெய்க்குச் சரியான வழி அங்கேதான் இருக்கிறது.

எண்ணெயை ஆறவிட்டு, வடிகட்டி, தண்ணீர் படாமல் மூடிய டின்னில் சேர்த்து வையுங்கள். பொரிக்க தினம் 50 லிட்டருக்கு மேல் செலவானால் பதிவேடு கட்டாயம். குறைவாக இருந்தாலும் எழுதி வைப்பது நல்லது. வாங்க வருகிறவரிடம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள், கொடுத்த அளவுக்கு ரசீது வாங்குங்கள். கிலோவுக்குக் கூடுதலாகத் தருகிறேன், ரசீதெல்லாம் வேண்டாம் என்று ஒருவர் கேனோடு வந்து நின்றால், தயவுசெய்து கொடுக்காதீர்கள். அது மறுபடி சட்டிக்குத்தான் போகும். அதைத் தின்பது நம் தெருப் பிள்ளைகள்.