‘அரும்பு நிலை’ எங்கே பொருந்தும்?

கேள்வி: எங்கள் ஊரில் இப்போதுதான் தலையெடுக்கும் ஒரு தொழிலைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். ‘தொழில் அரும்பு நிலையில் இருக்கிறது’ என்று எழுதலாமா? ‘தொடக்க நிலை’ என்பதும் அதுவும் ஒன்றுதானா?

எழுதலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தொடங்குவதற்குப் பெரும்பாலும் ஓர் ஆளோ குறித்த நேரமோ இருக்கும்: கடையைத் தொடங்கினார், வகுப்பு ஜூனில் தொடங்கியது. அரும்புவதோ தானாக நிகழ்வது. அதனால் இன்றைய வழக்கில் ‘நிறுவனத்தை அரும்பினார்’ என்பது பிழை. ‘விழா ஆறு மணிக்கு அரும்பியது’ என்றால் சிரிப்பார்கள்.

எவையெல்லாம் அரும்பும் என்று பாருங்கள்: மீசை, புன்னகை, வியர்வை, காதல், ஆசை. எல்லாமே உள்ளிருந்து மெல்ல வெளியே தெரிபவை, இன்னும் முழுமை பெறாதவை. வள்ளுவர் இதைப் படிநிலையாகவே வைக்கிறார்: ‘காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்இந் நோய்’ (1227). அரும்பு, விரியும் பருவத்துப் போது, மலர் என மூன்று கட்டங்கள். நோய் என்ற சொல்லைப் பார்த்துவிட்டுக் ‘காய்ச்சல் அரும்பியது’ என எழுதிவிடாதீர்கள். அங்கே நோய் என்பது காதல் துயரம்.

கெட்டவற்றுக்கு வேறு வினைகள் இருக்கின்றன. சந்தேகம் முளைக்கும், சிக்கல் முளைக்கும். போரும் சண்டையும் மூளும், தீயைப் போல. ‘துளிர்த்தல்’ பலரும் தவறவிடும் நுட்பம்: பட்டுப்போன மரம் மறுபடி இலைவிடுவதன் சாயல் அதில் உண்டு. ஆகவே இழந்த நம்பிக்கை துளிர்க்கும். முதன்முறை வரும் காதல் அரும்பும். நலிந்துபோன நெசவு மீண்டும் தலைதூக்கினால் ‘துளிர்க்கிறது’ என்பதே சரி.

இன்னொன்று: ‘அரும்பாடு’, ‘அரும்பணி’ இரண்டுக்கும் அரும்போடு உறவில்லை. அவை அருமையிலிருந்து பிறந்தவை.

‘அரும்பத் தொடங்கியது’ என்று எழுதுவோர் உண்டு. தொடக்கம் அரும்பிலேயே அடங்கிவிட்டதால் ‘தொடங்கியது’ பெரும்பாலும் மிகை.

உங்கள் வாக்கியத்தில் ‘நிலையில் இருக்கிறது’ இழுவையாக நிற்கிறது. ‘இத்தொழில் இப்போதுதான் அரும்புகிறது’ என வினையாகவே முடியுங்கள். நான்கைந்து ஆண்டு நடந்து வாடிக்கையாளர் சேர்ந்துவிட்டதென்றால் ‘வேரூன்றி வருகிறது’ என மாற்றுங்கள். அதையே வங்கிக் கடன் விண்ணப்பத்தில் எழுதுவதானால் ‘தொடக்க நிலை’ போதும். அங்கே அரும்பு வேண்டாம்.