ரூம் போடுமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெளியூரில் ரூம் எடுத்துத் தங்கிய அனுபவங்களை எழுதச் சொல்லிச் சென்ற மாதம் கேட்டிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. வேலை நிமித்தமாக மாதத்தில் பத்துப் பன்னிரண்டு இரவுகளை லாட்ஜில் கழிக்கிறவன் நான். பல கடிதங்களில் என் கதையையே படித்தேன்.

இரவு பஸ்ஸில் கிளம்பி விடிகாலை ஐந்து மணிக்கு மதுரையில் இறங்கினோம். 2,400 ரூபாய் கட்டி ரூம் எடுத்தோம். மீனாட்சியைத் தரிசித்துவிட்டு வந்து சற்றுக் கண்ணயர்ந்தால், பகல் பன்னிரண்டுக்குக் கதவைத் தட்டி, இருப்பதென்றால் இன்னொரு நாள் வாடகை என்கிறார்கள். ஏழு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகையா?
— வாசகி, செங்கல்பட்டு

இந்த விஷயத்தில் எனக்குத் தீராத கோபம் உண்டு. அதனால் பதில் நீளும்.

நம் ஊரில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. ஒன்று, நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லாட்ஜ்களில் இது இன்னும் இருக்கிறது. இன்னொன்று, எப்போது வந்தாலும் பகல் 12 மணிக்குக் காலி செய்யும் கணக்கு. பெரிய இடங்களில் மதியம் 2 மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள், மறுநாள் 11 மணிக்கு வெளியேறச் சொல்வார்கள். அதாவது ஒரு நாள் என்பது 21 மணி நேரம். எல்லா அறைகளையும் ஒரே வேளையில் கூட்டிப் பெருக்கி, விரிப்பு மாற்ற வசதி என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதில் நியாயம் இருக்கிறது.

எனக்குப் பொறுக்காதது, அதைச் சொல்லாமல் விடுவது. தமிழ்நாட்டில் பாதிப் பேர் ராத்திரிப் பயணம் செய்கிறவர்கள். விடிகாலையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிற குடும்பம் மத்தியானம் வரை தூங்கும் என்பது கவுன்டரில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். பணத்தை எண்ணி வாங்கும்போது “சார், பன்னிரண்டு மணிக்குக் காலி பண்ணணும்” என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன தடை?

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு கோவில் ஊரில் நானும் இப்படி மாட்டினேன். மூட்டுவலிக்கார அம்மாவோடு நாலரை மணிக்குப் போய் இறங்கி, கேட்ட 1,800 ரூபாயைக் கொடுத்தேன். பன்னிரண்டுக்கு ஆள் வந்து தட்டினபோது அம்மா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். கீழே போய்ச் சண்டை போட்டேன். ரிசப்ஷன்காரர் பேசாமல் சுவரிலிருந்த மாதக் காலண்டரை ஒரு கையால் தூக்கிக் காட்டினார். அதற்குப் பின்னால் ஸ்டிக்கர் எழுத்தில் செக் அவுட் நேரம் ஒட்டியிருந்தது. திரும்பும் பஸ் ராத்திரி ஒன்பதுக்கு. அம்மாவை எங்கே உட்கார வைப்பது? இன்னொரு 1,800 கட்டினேன்.

அட்வான்ஸ் கொடுக்குமுன் “எத்தனை மணிக்குக் காலி பண்ணணும்?” என்று கேளுங்கள். பதிலை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ரயிலில் போகிறவர்களுக்குப் பெரிய ஸ்டேஷன்களில் ஓய்வறை உண்டு. உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து 12 மணி நேரத்துக்குப் பதிவு செய்யலாம். உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது, வக்கீலும் அவசியமில்லை.

ரீஃபண்ட் இல்லை என்று போட்டிருந்த சலுகை விலையில் ரூம் புக் செய்தேன். தேதியை ஒரு மாதம் தள்ளிப் போட்டுவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?
— வாசகர், திருப்பூர்

கிடைக்காது.

குடும்பத்தோடு காரில் ஊட்டிக்குப் போனோம். இ-பாஸ் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லாட்ஜ்காரர் அட்வான்ஸைத் தர மறுக்கிறார். வழக்குப் போடலாமா?
— வாசகர், கரூர்

எதற்கு வழக்கு? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை 2024 மே 7 முதல் இருக்கிறது. அவர் உங்களுக்காக ரூமைப் பூட்டி வைத்திருந்தார். வேறு தேதிக்கு மாற்றித் தரச் சொல்லித் தன்மையாகக் கேட்டுப் பாருங்கள்.

அப்பாவுக்குத் திதி கொடுக்க ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் ரூம் தேடினேன். இணையத்தில் ஒரு லாட்ஜ் பெயரில் இருந்த எண்ணில் பேசினேன். வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினார்கள். 6,500 ரூபாய் போட்டேன். நேரில் போனால் அப்படியொரு புக்கிங்கே இல்லையாம். படித்தவன் ஏமாறலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.
— வாசகர், சேலம்

ஏமாற்றியவனை விட்டுவிட்டு உங்களைக் கேட்பது அநியாயம். அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் ரூம் கிடைக்காத தவிப்பு தெரிந்துதான் வலை விரிக்கிறார்கள். அப்பா காரியம் என்று போகிறவன் எதையும் சந்தேகப்படும் மனநிலையில் இருக்க மாட்டான்.

இன்றே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் எதிர்க் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். தாமதமானாலும் சொல்லாமல் இருக்காதீர்கள். பரிவர்த்தனை எண்ணையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள்.

யு.பி.ஐ.யில் பின் நம்பர் போடுமுன் பணம் பெறுகிறவர் பெயர் திரையில் வரும். லாட்ஜ் பெயருக்குப் பதில் யாரோ ஒரு தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ராமேஸ்வரத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஓட்டல் தமிழ்நாடு’ இருக்கிறது. கழகத்தின் சொந்தத் தளத்திலேயே பதிவு செய்யலாம்.

2,500 ரூபாய் ரூமுக்கு 12 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள். சாப்பாட்டு பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வேறு. சரியா?
— வாசகர், கோவை

இரண்டும் தப்பு. ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான். நீங்கள் தங்கியது அதற்குப் பிறகு என்றால் பில்லோடு புகார் செய்யுங்கள். சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் விதிமுறை வந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. விருப்பமில்லை, எடுத்துவிடுங்கள் என்று சொல்லுங்கள்.

20 ரூபாய் தண்ணீர் பாட்டிலை ரூமுக்குக் கொண்டுவந்து 70 ரூபாய் வாங்குகிறார்கள்.
— வாசகி, நெய்வேலி

வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனக்கும் வருத்தம்தான். தெருமுனைக் கடையில் வாங்கிக்கொண்டு போங்கள்.

பார்க்கிங்குக்குச் சாவியைக் கொடுத்தேன். கார் கதவு நசுங்கி வந்தது. ‘உரிமையாளர் பொறுப்பு’ என்று டோக்கனைக் காட்டுகிறார்கள்.
— வாசகர், திருச்சி

டோக்கனில் அச்சடித்துவிட்டால் பொறுப்பு தீராது. 1998-இல் டெல்லி நட்சத்திர ஓட்டல் ஒன்றில் சாவியை வாங்கி நிறுத்திய மாருதி ஜென் திருடு போனது. 2019-இல் உச்ச நீதிமன்றம் ஓட்டலையே பொறுப்பாக்கியது. சாவி கைமாறினால் காரைப் பாதுகாப்பதும் அவர்கள் வேலை. போட்டோவோடு எழுத்தில் புகார் கொடுங்கள்.

ரூமைப் பார்த்ததும் நீங்கள் முதலில் எதைக் கவனிப்பீர்கள்?
— வாசகி, கும்பகோணம்

பணம் கொடுக்குமுன் மாடிக்குப் போய்விடுவேன். விரிப்பின் மூலையைத் தூக்கி மெத்தைத் தையல் ஓரத்தைப் பார்ப்பேன். மிளகைப் பொடித்துத் தூவியது போல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி, அடுத்த லாட்ஜ். உள் தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பார்ப்பேன். பிறகு கீசர் சுவிட்சைப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறப்பேன். கொடைக்கானலில் ‘பள்ளத்தாக்கு பார்த்த அறை’ என்று 900 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டரைப் பார்த்த நாளிலிருந்து இந்தப் பழக்கம். அதற்குள் குழாயில் வெந்நீர் வர வேண்டும். வராமல் “காலையில் வரும் சார்” என்றால், கீழே இறங்கிவிடுவேன்.